மீதி ஒன்பது

இடது உள்ளங்கையில் பேனாவால் எழுதியிருந்தேன்:
ஏழு.
கிலோமீட்டருக்கு ஏழு நிமிடம், அதற்கு வேகமாகக் கூடாது.
பதற்றத்தில் வேர்த்து
தொடங்குமுன்பே அது பாதி அழிந்துவிட்டது.

விடியற்காலை இரண்டரை மணி.
பினாங்குப் பாலத்தின் தீவுப் பக்கம்
ஒரே நிறத்தில் ஆயிரம் சட்டைகள்,
கோடாலித் தைல வாடை.
கழிவறை வரிசையில் யாரோ விட்ட கொட்டாவி
கடைசி ஆள்வரை தொற்றிக்கொண்டு போனது.

கொம்பு ஊதியதும் எல்லாரும் பாய்ந்தார்கள்.
நான் பாயவில்லை.
காசு கட்டி வந்து மெதுவாக ஓடுவது
எவ்வளவு கஷ்டம் என்று
ஓடாதவர்களுக்குச் சொன்னால் புரியாது.
ஓடுகிறவர்களுக்கும்தான்.

எனக்கு இது பந்தயம் இல்லை.
ஆகஸ்டில் கேமரன் மலையில்
நூறு கிலோமீட்டர் காத்திருக்கிறது.
இது ஒத்திகை:
புதுக் காலுறை எந்த விரலைக் கடிக்கும்,
உப்புத் தடவிய பேரீச்சம்பழத்தை
வயிறு எத்தனை மணிக்குத் திருப்பி அனுப்பும்,
நிற்காமல் குவளையில் குடித்தால்
வாய்க்கு எவ்வளவு, மூக்குக்கு எவ்வளவு.
தனியாக ரெலாவ் பக்கம் ஓடும்போது
யார் எனக்குத் தண்ணீர் மேசை போடுகிறார்கள்?
சாலையை யார் அடைத்துத் தருகிறார்கள்?
அறுபது சொச்சம் வெள்ளிக்கு
நடுக்கடலில் கார் இல்லாத பாதை.
மலிவுதான்.

நாலாவது கிலோமீட்டரில் குணசுந்தரி தாண்டினாள்.
பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில்
என் ஷிப்ட், அடுத்த லைன்.
முதுகில் தட்டி, "என்னா, கால் வலியா?" என்றாள்.
"இல்ல, பயிற்சி" என்றேன்.
அவள் போன பிறகு அது எனக்கே
சாக்குப்போல் கேட்டது.

ஏழில் பாலம் உயர்கிறது.
இரு பக்கமும் விரியும் கம்பிவடங்கள்,
கீழே எங்களில் யாரையும் சட்டை செய்யாமல்
விளக்கோடு போகும் ஒரு கப்பல்.
ஏற்றத்தில் நடந்தேன், வேண்டுமென்றே.
மலையில் பாதிக்குமேல் நடைதான்;
அதையும் பழக வேண்டுமே.
எட்டுப் பேர் தாண்டினார்கள்.
ஒன்பதாவது ஆள்
வாழைப்பழ வேடம் போட்டிருந்தான்.

வாழைப்பழம் தாண்டியபோதுதான்
தொடை கேட்டது: போகலாமா?
பதினைந்துவரை பதில் சொல்லவில்லை.
பதினாறில்,
ஒரே ஒரு கிலோமீட்டர், ஐந்தரைக்கு,
குணசுந்தரியின் சிவப்பு ரிப்பன் தெரிகிறவரை
ஓடிவிட்டேன்.
பொய் சொல்ல மாட்டேன், சுகமாக இருந்தது.
பத்தொன்பதில் வட்டி கட்டினேன்.

முடிவு வளைவு. பதக்கம்.
நிஜ வாழைப்பழம் ஒன்று.
படம் எடுக்க நீண்ட வரிசை.
கடிகாரம் இருபத்தொன்று என்றது.
வீட்டில் குளிர்பெட்டிக் கதவில்
நானே எழுதி ஒட்டிய தாள்
முப்பது என்கிறது.

பதக்கத்தைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு
வேலி இடுக்கில் நுழைந்து
கடலோரமாக மறுபடி ஓடத் தொடங்கினேன்.
தொண்டு செய்ய வந்த பையன் ஒருவன்
பின்னாலேயே வந்து கத்தினான்:
"காக், சூடா ஹாபிஸ்!"
முடிந்துவிட்டதாம்.
கையை மட்டும் அசைத்தேன்.

இருபத்து மூன்றில் ஆளே இல்லை.
படகுக்காரர் ஒருவர்
கிளம்பாத எஞ்சினைத் திட்டிக்கொண்டிருந்தார்.
பதக்கம் அடிக்கொரு தடவை
நெஞ்செலும்பில் இடித்தது.
தொடை இப்போது எதுவும் கேட்கவில்லை.
இருபத்தாறில் பள்ளிவாசல் பாங்கு.
இருபத்தெட்டில் ஒரு பேரீச்சம்பழம்;
வயிறு யோசித்து, ஏற்றுக்கொண்டது.
குறித்துவைக்க வேண்டும்:
மூன்றரை மணி நேரம், உப்பு, சரி.

இருபத்தொன்பதில், பஸ் நிறுத்தத்தில்
குணசுந்தரி.
ஒரு காலணியைக் கழற்றிவிட்டுப்
பெருவிரலைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.
என்னைப் பார்த்தாள்,
சட்டைக்குள் துள்ளும் பதக்கத்தைப் பார்த்தாள்.

"இன்னும் எவ்ளோ?"

"ஒண்ணு."

காலணிக்குள் காலைத் திணிக்கத் தொடங்கினாள்.

நான் நிற்கவில்லை.
நின்றால் தாளில் கோடு போட முடியாது.
ஏழிலிருந்து எட்டுக்குக் குறைத்தேன்,
பிறகு ஒன்பதுக்கு,
நாடா கட்டாத காலணி ஒன்று
தரையில் தப்தப்பென்று அடிக்கும் சத்தம்
எனக்குப் பின்னால் வந்து சேரும்வரை.