ஏழு கட்டம்

விளக்கு ஆடுகிறது.
அப்தோன் கரண்டியைக் கீழே வைக்கவில்லை.
எங்கள் தால்கா நகரில் இதற்கெல்லாம்
சாப்பாட்டை விட்டு எழுந்தால் சிரிப்பார்கள்.
டெம்ப்ளோர், என்கிறான், வாய் நிறைய அவரைக்கொட்டையோடு.
நடுக்கம். அவ்வளவுதான்.
குளிருக்கு வருவது, காய்ச்சலுக்கு வருவது,
கடன் கொடுத்தவன் கதவைத் தட்டினால் வருவது.

மற்றதற்கு வேறு பெயர். தெர்ரெமோத்தோ.
நிலம் பாதி, அசைவு பாதி,
இரண்டும் ஒட்டிய இடத்தில் ஒரு விரிசல்.
எது என்று ஆட்டம் நிற்கும்வரை தெரியாது.
பெயர் கடைசியில்தான் வரும்,
மிச்சம் இருப்பவர்கள் வைப்பது.

நான் குறுக்கெழுத்து போடுகிறவள்.
இருபத்தோரு வருடமாக நாளிதழில்
ராசிபலனுக்கும் இரங்கல் அறிவிப்புக்கும் நடுவில்
எனக்கு ஒரு சதுரம்.
சொல்லென்றால் எனக்கு நீளம், முதலில்.
சிஸ்மோ, ஐந்து கட்டம்,
கையுறை மாட்டிக்கொண்டு ஆராய்ச்சிக்காரர்கள் தொடுவது.
நூயுன், அதுவும் ஐந்து.
ஸ்பானியர் கப்பலேறும் முன்பே
மபூச்சே வாயிலிருந்து இந்த மண் கேட்டுப் பழகிய சொல்.
ஒரே ஒரு முறை போட்டேன்.
அயல்மொழி புகுத்துகிறாள் என்று நாலு பேர் புகார் எழுதினார்கள்.
ரெமெசோன் என்றால் உலுக்கல்.
மந்திரி ஒருவர் பதவி விலகினால் தலைப்பில் வரும்,
கட்சி அலுவலகத்தில் ஓர் ஓடுகூட நழுவியிருக்காது.

மதுக்கடையில் தெர்ரெமோத்தோ கேட்டுப் பாருங்கள்,
வெள்ளை ஒயினில் அன்னாசி ஐஸ்கிரீம் மிதந்து வரும்.
குடித்து எழுந்தால் தரை சாயும், அதனால் அந்தப் பெயர்.
அடுத்து வாங்கும் சின்னக் கோப்பைக்கு ரெப்ளிகா.
பின்னதிர்வுக்கும் அதுதான் சொல்.
வாய்க்கு வாய் எதிர்த்துப் பேசுவதற்கும் அதுதான்.
பூமி ஒன்று சொல்லும், பிறகு
தானே தனக்கு மறுப்பும் சொல்லும், மாதக்கணக்கில்.
என் தங்கை மகன் அலமாரி மேலேறிக் குதிப்பவன்,
அவனையும் தெர்ரெமோத்தோ என்றே கூப்பிட்டோம்
அந்த இரவுவரை.
அதன்பிறகு எலேயுதேரியோ என்று
முழுப்பெயர் சொல்லித்தான்.

அந்த இரவு
மறுநாள் இதழ் ஏற்கெனவே அச்சாகிக்
கட்டுக் கட்டாகக் கிடந்தது.
பதினான்கு, இடமிருந்து வலம்:
"நிலம் சிலிர்த்துக்கொள்வது, ஏழெழுத்து."
பத்து நாள் முன்பு, காப்பி ஆறுவதற்குள்,
சிரித்துக்கொண்டே எழுதிய குறிப்பு.

மூன்று வாரம் கழித்து கூரேப்தோவிலிருந்து ஓர் உறை.
பல்தோமேரோ வெர்காரா என்று அனுப்பியவர் பெயர்.
பக்கத்தைக் கிழித்து, மடித்து,
பென்சிலால் நிரப்பி அனுப்பியிருந்தார்.
எல்லாம் சரி. பதினான்கைத் தவிர.
டெம்ப்ளோர் இருக்கவேண்டிய வரிசையில்
தெர்ரெமோத்தோ.
முதலிரண்டு எழுத்து பொருந்தின.
அடுத்த ஐந்தும்
மேலிருந்து இறங்கும் ஐந்து சொற்களை உடைத்துக்கொண்டு போயின.
கடைசி இரண்டுக்குக் கட்டமே இல்லை,
சட்டத்தைத் தாண்டி
பக்கத்து இரங்கல் பத்தியில்,
முன்பின் தெரியாத யாரோ ஒருவரின் பெயர்மேல் விழுந்திருந்தன.
ஓரத்தில் ஒரு வரி:
"அம்மணி, நீங்கள் கொடுத்த இடம்
எங்கள் வீட்டுக்குப் போதவில்லை."

பதில் எழுத உட்கார்ந்தேன்.
பதில் என்பதற்கும் எங்களிடம்
ரெப்ளிகா என்ற சொல் உண்டு என்று நினைவு வந்தது.
எழுதவில்லை.
அந்தத் தாள் ரொட்டிப் பெட்டிக்கு அடியில் இருக்கிறது.
திருத்தப்படாத விடை, பரிசு அறிவிக்கப்படாதது.

விளக்கு இன்னும் ஆடுகிறது.
அப்தோன் மென்று முடித்துவிட்டான்,
விழுங்கவில்லை.
தண்ணீர்க் குவளை மேசை விளிம்பை நோக்கி
தானாக நகர்கிறது.
மேசைவிரிப்பின் கட்டங்களில்
என் விரல், ஒரு நொடிக்கு ஒன்றாக.
ஐந்து.
ஆறு.
ஏழு.

எட்டு.