சீமாட்டிக்கு வீடு சின்னது

மலையேறத்தான் எல்-பூருக்குப் போனோம்.
மழை எங்களுக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது.
பாதைக்குக் குறுக்கே சிவப்பு நாடா,
அதில் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தது ஒரு நனைந்த நாய்.

விடுதிக்கார மதாம் ஓஆரோ
சனிக்கிழமை முழுக்க சௌசௌவாகவே போட்டாள்.
குழம்பில், பொரியலில்,
கடைசியில் கேக்கிலும்.
"ரெயூனியனில் இதற்குப் பேர் சூசூ" என்றான் தியெரி.
"காரைக்காலில் இது பத்தியச் சாப்பாடு" என்றேன்.

மாலையில் ஊர்க்கூடத்தில் படம்.
பிளாஸ்டிக் நாற்காலி, தகரக் கூரை.
திரையில் முந்நூறு வருடத்துக்கு முந்தைய பிரான்சு:
மாவு பூசிய தலைகள்,
கதவுக்குள் பக்கவாட்டில் நுழையும் பாவாடைகள்,
அறைக்கு நூறு மெழுகுவத்தி.

கல்யாணமாகி எட்டு மாதம்.
என் பிரெஞ்சு ரொட்டி வாங்கும், பஸ் டிக்கெட் வாங்கும்,
ஒரு சீமாட்டியின் கோபத்தை வாங்காது.
தியெரியின் தமிழ்
புதன்கிழமைக் கோயில் வகுப்பில் படித்தது.
பால்குடம் வரும், தேர் வரும், வேல், விரதம் வரும்.
சலிப்பு வராது. பொறாமை வராது.
இருப்பதை வைத்து
என் காதில் படம் காட்டினான்.

சீமாட்டி மூன்று நிமிடம் பேசினாள்.
விசிறியை விரித்தாள், மூடினாள்.
ஓரிடத்தில் குரல் கண்ணாடிபோலக் கீறியது.
மிச்சத்தை ஜன்னலைப் பார்த்துப் பேசினாள்.
நான் காத்திருந்தேன்.
"அவளுக்கு வீடு சின்னது" என்றான் தியெரி.

நாற்பது அறை வீடு அது.

படைத்தலைவன் பதிலுக்கு ஒரே ஒரு வரி சொன்னான்.
அதற்கு இவன் யோசித்தான், யோசித்தான்,
காட்சி மாறி, குதிரைகள் வந்து, குதிரைகள் போய்,
"அவன் தேர் இல்லாத சாமி."

பிறகு காபி வந்தது.
வெள்ளிக் கிண்ணத்திலிருந்து இடுக்கியால்
ஒரு சர்க்கரைக் கட்டியை அவள் தூக்க,
பின்வரிசையில் கரும்பு லாரி ஓட்டும் யாரோ
கிரியோலில் உரக்கச் சொன்னார்:
"பார்த்தும்மா, அது எங்களுது."
கூடமே குலுங்கியது.
அன்றிரவு அது ஒன்றுதான்
யாரும் சொல்லாமல் எனக்குப் புரிந்தது.

கடைசியில் கடிதம்.
அரக்கு முத்திரையை விரலால் நொறுக்கினாள்,
தாள் பாதி விரிந்தது,
கரண்ட் போய்விட்டது.
அதுவரை பின்னால் நின்ற மழை
தகரத்தின் மேல் ஏறி முன்னுக்கு வந்தது.
அரைமணி நேரம். யாரோ வறுத்த கடலை தந்தார்கள்.
பிறகு கூடக்காரர் மன்னிப்புக் கேட்டு
நாற்காலிகளை அடுக்கத் தொடங்கினார்.

ஒரே குடை. "கடிதத்தில் என்ன?" என்றேன்.
சொல்லிக்கொண்டே வந்தான்.
சீமாட்டி பதினெட்டு நாள் விரதம் இருந்தாளாம்.
படைத்தலைவன் தீ மிதிக்க வந்தானாம், பூட்ஸ் காலோடு.
எரியும் கரிக்கு அந்தப் பக்கம் நின்று
அவள் "வா" என்றாளாம்.
இல்லை, "போ" என்றாளாம்.
இந்த இரண்டையும் அவன் எப்போதும் மாற்றித்தான் சொல்வான்.
"நீ முன்பே பார்த்த படமா?"
"இல்லையே."

அறைக்கு வந்து ஈரத்தலையைத் துவட்டும்போது
எனக்கு என்னவோ ஆனது.
நிதானிக்காமல், சொல் பொறுக்காமல்,
காரைக்கால் வேகத்தில் பேசினேன்.
சென்-தெனியில் அந்த மூன்றாவது மாடி,
நீ வேலைக்குப் போனபின் பாக்கியிருக்கும் பகல்,
சண்டைபோடக்கூட ஆளில்லாத மொழி,
எட்டு மாதமாக நான் சொன்ன "பரவாயில்லை"களின் கணக்கு.
எதற்கோ நடுவில் கைத்துண்டை மடித்தேன், விரித்தேன்.
மிச்சத்தை ஜன்னலைப் பார்த்துச் சொன்னேன்.

தியெரி கட்டிலின் ஓரத்தில்
ஒரு செருப்போடு உட்கார்ந்திருந்தான்.
"உனக்கு வீடு" என்று தொடங்கினான்.
நிறுத்தினான்.
தலையை ஆட்டி அதை அழித்தான்.
கோயில் வகுப்பு முழுவதையும்
உள்ளே கவிழ்த்துக் கொட்டித் தேடுவது தெரிந்தது.

ஒரு சொல் எடுத்துக்கொடுத்திருக்கலாம்.
கொடுக்கவில்லை.
தேடட்டும் என்று
விளக்கை அணைக்காமல் படுத்திருந்தேன்.