பக்கம் அறுபத்தொன்று

நூற்று இருபத்தெட்டு என்றுதான் எழுதினேன்.
கையெழுத்துப் படி இன்னும் இருக்கிறது,
எண்ணெய்க் கறைகூட அந்த வரியைத் தொடவில்லை.
அச்சில் வந்ததோ நூற்று எண்பத்திரண்டு.
ஒரு கிலோ சூரியகாந்தி எண்ணெய்க்கு
அத்தனை கிராம் காரம்.

தேங்காயெண்ணெய் என்றால் பொருந்திப் போயிருக்கும்.
அதுதான் இந்தப் பிழையின் சாமர்த்தியம்.
அதற்குப் பிழையின் முகமே இல்லை.

என் முதல் புத்தகம் ஊசித் தையல்.
சங்கிலியில் ஒரு கண்ணி தப்பினால்
பின்பக்கமிருந்து இழையை உருவுங்கள்,
துணி மன்னித்துவிடும் என்று
முன்னுரையிலேயே எழுதியவள் நான்.
இரண்டாவது, பின்னல்.
மாரிட்ஸ்பர்க் ஜூலைக் குளிரில்
நார்த்டேல் மருத்துவமனையில் மாதம் முந்திப் பிறந்ததுகளுக்கு
ஆரஞ்சுப் பழ அளவில் தொப்பிகள்.
அதிலும் ஒரு வரியில் எதிர்க்கண்ணி இரண்டு குறைந்திருந்தது.
ஒருத்தி அப்படியே பின்னி
ஒருபக்கம் சாய்ந்த தொப்பியைப் படம் எடுத்து அனுப்பினாள்:
"எங்கள் வீட்டுக் குட்டிக்கு இது ஸ்டைல்."
சிரித்தேன்.

சோப்புக்குச் சிரிக்க முடியவில்லை.

நானூறு பிரதிகள்.
அச்சகத்து வான் வைக் தலையைச் சொறிந்துகொண்டே
விரலகலச் சீட்டுகள் அடித்துத் தந்தார், இலவசமாக.
பசை என் செலவு.
கடைகளில் நின்றவை இருநூற்றுப் பன்னிரண்டு.
அலமாரிக்கு முன் மண்டியிட்டு
ஒவ்வொன்றாய்த் திறந்து ஒட்டினேன்,
என் புத்தகத்தை நானே திருடுவதுபோல.
ரேய்ஸ்தார்ப் நூலகப் பிரதியில் பதினொரு தேதி முத்திரைகள்.
எடுத்தவர் பெயரைத் தரமாட்டார்களாம், விதி.
"யாரும் கையில் கட்டோடு வரவில்லை" என்றார் நூலகர், ஆறுதலாக.
கட்டுப் போட்டவர்
ஏன் நூலகத்துக்கு வரப்போகிறார் என்று
நான் கேட்கவில்லை.

சர்ச் தெருக் கடையின் ரசீதுக் கட்டில்
ஒரே பெயரில் ஆறு பிரதிகள்: நொம்வூயோ ஸோண்டி, ஈடன்டேல்.
ஆறு சமையலறை. பன்னிரண்டு கை.
மினிபஸ்ஸில் கடைசி வரிசை,
மடியில் சீட்டும் பசையும்.

கதவைத் திறந்தவளின் கைகளைத்தான் முதலில் பார்த்தேன்.
வழவழவென்று இருந்தன.

புத்தகத்தைக் கொண்டுவந்தாள்.
பக்கம் அறுபத்தொன்று ஈரத்தில் ஊதி அப்பளமாயிருந்தது.
என் எண்ணுக்குக் குறுக்கே பென்சில் கோடு,
மேலே 130,
ஓரத்தில் ஜூலு மொழியில் ஒரு வரி.
படித்துச் சொன்னாள்: "முதல் வார்ப்பு தரைக்கு. மேலுக்கு வேண்டாம்."

எப்படித் தெரிந்தது என்றேன்.
நாற்பதாம் பக்கத்தைப் புரட்டிக் காட்டினாள்.
ஆறிய கட்டியில் ஈர விரலைத் தேய்த்து
நாக்கு நுனியில் வைத்துப் பாருங்கள்,
சுரீரென்றால் காரம் மிச்சம் என்று
நான்தான் எழுதியிருக்கிறேன்.
"சுரீரென்றது" என்றாள்.
"நாற்பதை நம்பினேன். அறுபத்தொன்றை நம்பவில்லை."

இரண்டும் ஒரே ஆள் எழுதியதுதான் என்று சொல்ல வாய் வந்தது.
பசையின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன்.

"நூற்று முப்பது என்றால் இரண்டு கிராம் கூடுதல்."
"உங்கள் கடை எண்ணெய் வேறு, என் கடை எண்ணெய் வேறு."
மற்ற ஐந்து பிரதிகளிலும்
அவளே பென்சிலால் திருத்திக் கொடுத்துவிட்டாளாம்,
பிரார்த்தனைக் கூட்டத்தில், பாட்டுக்கும் டீக்கும் நடுவே.

சீட்டு ஒட்டவில்லை.
கையெழுத்துக் கேட்டாள்.
"கோகிலம் படையாச்சி" என்று போட்டேன்,
அவளுடைய 130-க்குக் கீழே, அதே பென்சிலால்.
துருவி வைத்திருந்த தரைச் சோப்பில் ஒரு பை வாங்கினேன்.
இருபது ராண்டுக்கு மேல் வாங்க மறுத்துவிட்டாள்.

என் வீட்டு அடுப்படித் தரை
இவ்வளவு வெள்ளை என்று எனக்கே தெரியாது.

எழுபத்தாறு சீட்டுகள் மீதி.
ஊசிப் பெட்டியில், நூற்கண்டுகளுக்கு அடியில்.
நடுராத்திரியில் எண்ணிப் பார்க்கிறேன், குறைவதில்லை.
எங்கோ ஒருவர்
கண்ணாடி அணிந்து, ஜன்னலைத் திறந்துவிட்டு,
தராசை எடுத்து வைக்கிறார்.
அவர் என்னை நம்பாமல் இருக்க வேண்டும்.
அல்லது
நாற்பதாம் பக்கத்தை முதலில் படித்திருக்க வேண்டும்.