மீன் போட்ட நூறு

காடாம்புலியூரில் காலை ஒன்பதே கால்.
ஷட்டரைத் தூக்கி, விசிறியைப் போட்டு
நோட்டில் நான் முதலில் எழுதுவது
ஒரு சீடிக்கு எத்தனை பிராங்க் என்று.

இரண்டு பணத்தையும் நான் தொட்டதில்லை.
முதலாளி தேசிங்கும் தொட்டதில்லை.
பண்ருட்டி வங்கியில் சீடி என்றால்
பாட்டுத் தகடு என்று நினைக்கிறார்கள்.

கானாவில் சம்பா என்று ஓர் ஊர்.
நெல் விளைகிற இடம் என்றுதான் நினைத்தேன்,
முந்திரிக்கொட்டைச் சந்தையாம்.
எல்லைக்கு அந்தப் பக்கம் போண்டுக்கு,
அங்கே பிராங்க்.
நடுவில் ஒரு செம்மண் பாதை,
நம் நெய்வேலி மண்ணின் நிறம்,
போனில் வந்த படத்தில் பார்த்தேன்.
சீடி இளைத்தால் சாக்குகள்
ராத்திரியில் பைக் ஏறி
பிராங்கைத் தேடிப் போகும்.
தேறினால் அதே சாக்கு, அதே பைக்,
திரும்பி வரும்.
மரத்துக்கு இது எதுவும் தெரியாது.

எனக்கு முன்னால் இந்த நாற்காலியில் கலியமூர்த்தி.
அவருடைய நோட்டில் 2007 ஜூலைப் பக்கத்தில்
நாலு சுழியம் காணோம்.
பத்தாயிரம் பழைய சீடி
ஒரு புது சீடி ஆன சேதி
இங்கே வந்து சேர்வதற்குள்
ஓரத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறார்:
"எவனோ தூங்கிட்டான்."

அப்போது ஒரு சீடிக்கு ஐந்நூறு பிராங்க் பக்கம்.
தானே புயல் நம் மரங்களைப் படுக்கப்போட்ட வாரம்
முந்நூறு சொச்சம்.
அதற்குப் பிறகு எங்கள் கிடங்கில்
சாக்குமேல் அச்சடித்த ஊர்ப்பெயர்கள்
வாயில் நுழையாதவை ஆயின.
2020இல் கிட்டத்தட்ட நூறு.
மனக்கணக்கே போதுமான வருஷம்,
லாரிதான் ஓடவில்லை.

அந்த வருஷக் கடைசியில்
அஞ்சலாட்சி சாக்கை உதறும்போது
ஒரு காசு விழுந்தது.
அதில் கோடு கோடாய் ஒரு மீன்.
கொட்டை எண்ணெய் தின்ற விரலால் துடைத்து
என் மேசைமேல் வைத்தாள்.
"இது எவ்ளோ போவும்?"
"நூறு பிராங்க். பதிமூணு ரூபா."
"அந்தாண்ட ஊர்ல?"
"ஒரு சீடி."
"ஒண்ணே ஒண்ணா" என்று
முந்தானையில் முடிந்துகொண்டாள்.

பிறகு சனிக்கிழமை தவறாது
கூலிக்கு வரும்போது கேட்பாள்,
"எம் மீனு இன்னைக்கு இன்னா வெல?"
ஒன்று. ஒன்று. ஒன்றேகால்.
2022 தீபாவளி கழிந்து
இரண்டைத் தாண்டிவிட்டது.
"ரெட்டிப்பு ஆயிடிச்சிடீ!"
வரிசை முழுக்கக் கேட்கக் கூவினாள்.

மீன் வளரவில்லை,
குளம்தான் வற்றியது என்று
எப்படிச் சொல்வேன்.
ஏப்ரலில் கொட்டை விற்ற பணத்தைச்
சீடியாகவே பெட்டியில் வைத்திருந்த க்வாபெனா
அன்று காலை போனில்
விலை பேசாமல்
டீசலைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தான்.

"ரூபாய்ல சொல்லு."
"பன்னெண்டு."
"பதிமூணு இருந்திச்சே?"
எனக்குப் பதில் இல்லை.
"சரி, என் கூலிய அந்தப் பணத்துல போட்டுக் காட்டு."

வாரத்துக்கு ஆயிரத்து நானூறு,
இரண்டு வருஷமாக ஆயிரத்து நானூறு.
அன்றைக்கு நூற்றெட்டு சீடி.
இன்றைக்கு இருநூற்று நாற்பது.
போட்டு முடித்துக் கால்குலேட்டரை
அவள் பக்கம் திருப்பினேன்.
நெடுநேரம் பார்த்தாள்.

"அங்க நம்ம மொதலாளி நல்லவரா இருக்காரே.
பஸ்சு எங்க நிக்கும்?"

சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டாள்,
பெயரில் ஒரு புள்ளியை விட்டுவிட்டாள்.
திங்கள் காலை ஒன்பதே கால்.
தேதி எழுதினேன். விலை எழுதினேன்.
ஓரத்தில், கலியமூர்த்தியின் பென்சில் துண்டால்,
சின்னதாக:
அஞ்சலாட்சி, 1400.