நல்ல தண்ணீர்

ஆய்வுக்கூடத்தில் என் வேலை பாட்டில் கழுவுவது.
மற்றதெல்லாம் லிதியா அர்காதியெவ்னா பார்த்துக்கொள்வார்.

குலுந்தா புல்வெளியின் ஏரிகள்
கோடையில் வெள்ளையாக வற்றும்.
கரையில் நடந்தால் காலடியில் சோடா நொறுங்கும்,
முள்ளங்கி கடிக்கிற சத்தம்.
சேற்றில் கைவிட்டால் சோப்புப் போட்டாற்போல் வழுக்கும்.
சாயங்காலம் விரல்நுனியில் தோல் உரியும்.
அந்தச் சேற்றைத்தான் அள்ளிவந்து
பாட்டிலில் அடைத்து, காற்றை வெளியேற்றி,
ரப்பர் மூடியை இறுக்கி
இருட்டில் வைப்பார்.

உள்ளே இருப்பவை காற்றில்லாமல் மூச்சு விடுமாம்.
நைட்ரேட்தான் அவற்றுக்கு மூச்சு.
ஒரு கூட்டம் பாதியில் நிறுத்தும்,
மீந்ததை அடுத்த கூட்டம் எடுக்கும்.
அதிலும் மிஞ்சுவது, மனிதர் முகர்ந்தால்
சிரிப்பு வரும் வாயு. அதையும் ஒன்று விடாது.
கடைசியில் மூடிக்குக் கீழே ஒரு குமிழி:
வெறும் நைட்ரஜன்,
வானத்தில் ஏற்கெனவே கொட்டிக் கிடப்பது.
"வந்த இடத்துக்கே அனுப்பியாயிற்று" என்பார் லிதியா,
யாரோ உறவினரை ரயிலேற்றிவிட்டவர் போல.

எங்கள் கிணற்றுக்கு மே மாதம் மூடி போட்டார்கள்.
கோதுமை வயலின் உரம்
பனியோடு கரைந்து இறங்கிவிட்டதாம்.
பெரியவர்கள் குடிக்கலாம், கைக்குழந்தைக்கு ஆகாது
என்றது சுகாதாரத் துறைத் தாள்.
அதில் ஒரே ஒரு சொல்லுக்கு அடிக்கோடு:
நைட்ரேட்.
பக்கத்து வீட்டு ஷோல்பானுக்கு
நாற்பது நாள் பையன்.
அவள் புருஷன் யெர்மெக்
அதே உரத்தை லாரியில் ஏற்றி இறக்குபவன்.
வாரம் இரண்டு முறை கடையிலிருந்து
தண்ணீர்க் கேன் தூக்கி வருகிறான்.
யாரையும் திட்டியதில்லை.

திருடினேன். ஒரே ஒரு பாட்டில்.
எழுபத்து மூன்றாம் எண், நன்றாகக் குமிழி விட்டது.
மேலங்கிக்குள் வயிற்றுச் சூட்டில் வைத்து
இரண்டு மணி நேரம் பேருந்தில்.
நள்ளிரவில் கிணற்று மூடியை நகர்த்தி
ஊற்றினேன்.
விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை.

திங்கட்கிழமை, திட்டு வாங்கத் தயாராக நின்றேன்.
லிதியா நோட்டில் அந்த எண்ணை அடித்துவிட்டுக் கேட்டார்:
"எதில் ஊற்றினாய்?"
"நல்ல தண்ணீரில்."
கண்ணாடித் தகட்டில் சேற்று நீர் ஒரு சொட்டு வைத்தார்,
பக்கத்தில் குழாய்த் தண்ணீர் ஒரு சொட்டு.
நுண்ணோக்கியில் என்னைக் குனியச் சொல்லி
இரண்டையும் ஊசிமுனையால் இழுத்துச் சேர்த்தார்.
துள்ளிக்கொண்டிருந்தவை
வீங்கின.
பிறகு அங்கே எதுவும் இல்லை.

வெறும் பாட்டிலை அதன் இடத்தில் வைத்தேன்.
"கழுவியாயிற்றா?"
ஆயிற்று என்றேன்.
எப்போதும்போல மூன்று முறை,
நல்ல தண்ணீரில்.