ஒற்றைக் கையுறை

கோத்தகிரியிலிருந்து ஊட்டி ஒரு மணி நேரம்.
நான் மூன்று வருடம்
கோயம்புத்தூர் போய் மாத்திரை வாங்கினேன்.
விடியக்காலை முதல் பஸ்.
கொண்டை ஊசி ஒவ்வொன்றிலும்
காது அடைத்துத் திறக்கும்.
கீழே வெயிலில் என்னை யாருக்கும் தெரியாது.
டிக்கெட் காசு அதற்குத்தான்.

ஊட்டிக்கு ஒரே ஒரு தடவை போயிருந்தேன்.
பெயரைக் கூப்பிட்டார்கள்,
எச்.ஐ.வி.யையும் சேர்த்துக் கூப்பிட்டார்கள்.
ரத்தம் எடுக்க வந்த நர்ஸ்
உறைக்கு மேல் இன்னொரு உறை மாட்டிக்கொண்டார்.
எனக்கு முந்தின ஆளுக்கு ஒன்றுதான்.
எண்ணாமல் இருக்க முடியவில்லை,
ஃபேக்டரியில் இலை மூட்டை எண்ணுகிறவன் நான்.
"பொம்பளைங்ககிட்ட போனியா?"
இல்லை என்றேன்.
"பின்னே?"
கதவு திறந்தே கிடந்தது.
அந்தப் "பின்னே"வைக் கேட்டு
வராந்தா பெஞ்சே திரும்பிப் பார்த்தது.

இந்த ஐப்பசியில் மலை சரிந்தது.
ரோட்டின் குறுக்கே கற்பூர மரம்,
மரத்தின் மேல் மண்,
மண்ணின் மேல் யாரோ ஒருவரின் முட்டைகோஸ் தோட்டம், பாத்தி கலையாமல்.
டப்பாவைக் குலுக்கினேன்.
நாலு மாத்திரைச் சத்தம்.

ஊட்டிக்கே போயேன் என்றான் போஜன்.
நீயும் வர்றியா?
அவன் செருப்பைப் பார்த்தான்.

இந்த முறை பெயர் இல்லை. பதினேழு என்றார்கள்.
பதினேழு எழுந்து போனது.
உள்ளே ஆலோசகர், மாதி என்று பலகை.
எந்த ஹட்டியோ, போஜனுக்குச் சொந்தமோ,
வயிறு கலங்கியது.
அவள் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து,
டீக்குச் சர்க்கரை போடவா என்கிற குரலில் கேட்டாள்:
"உங்க துணை ஆணா, பெண்ணா?"
ஆண்.
எழுதினாள். அடிக்கோடு போடவில்லை.
"அவர் டெஸ்ட் பண்ணிட்டாரா?"

அவர்.
போஜனை நானே அவன் என்றுதான் சொல்வேன்.
என்னோடு சேர்த்து அவனுக்கு ஒரு "ர்" போட
இந்த மலையில் ஓர் ஆள் இருந்திருக்கிறாள்.

ரத்தம் எடுக்க அதே நர்ஸ்.
உறைப் பெட்டிக்கு இரண்டாம் தடவை போன கை
பாதியில் நின்றது,
திரும்பி வந்தது.
பயிற்சி கொடுத்திருப்பார்கள் போல.
மனசு மாறியதா, தெரியாது.
நரம்பில் குத்துவது மனசு இல்லையே.
"மாத்திரை விடாம சாப்பிடுறீங்களா?"
போனியா, சாப்பிடுறீங்களா ஆகியிருந்தது.
குத்தியது வலித்தது,
எல்லாருக்கும் வலிக்கிற அளவு.

ரோட்டைத் திறந்துவிட்டார்கள்.
கோயம்புத்தூர் பஸ் ஓடுகிறது, நான் ஏறவில்லை.
இன்று போஜன் ஆஸ்பத்திரி ஏற்றம் வரைக்கும் வந்தான்.
எதிர்க்கடையில்
வர்க்கிப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறான்.
பிரிக்கவில்லை.
மஞ்சு இறங்குகிறது.
ஸ்வெட்டர் எடுத்து வரவில்லை, மடையன்.
எவ்வளவு நேரம்தான்
வெளியே நிற்பான்.