இருபத்தைந்து ஆம்பியர்

ஈசால்மிக்கு வடக்கே, ஏரி உறைந்து
பதினோராம் நாள், சனிக்கிழமை.
முற்றத்துக் கம்பத்திலிருந்து பழைய பெட்டியைக் கழற்றினேன்.
விடியுமுன் பெட்ரோல் எஞ்சினைச் சூடாக்க
நாற்பது குளிர்காலம் மின்சாரம் கொடுத்த பெட்டி.
அதன் கடிகார முள் ஐந்தே காலில் நின்றிருந்தது.
"எறிந்துவிடாதே" என்றார் அவுலிஸ்.
எதற்கென்று கேட்கவில்லை. படியில் வைத்தேன்.

சுவரைத் துளைத்தபோது மரத்தூள் கொட்டியது.
இந்தப் பக்கத்து வீடுகளுக்கு அதுதான் கம்பளி.
கொட்டியதைத் துடைப்பத்தால் கூட்டி எடுத்து,
கேபிளை நுழைத்தபின்
அதே துளையில் திரும்ப அடைத்தாள் கெர்த்து,
ஒரு பிடிகூட வெளியே விடாமல்.

உள்ளே பீங்கான் ஃபியூஸ் மூன்று,
ஒவ்வொன்றும் இருபத்தைந்து ஆம்பியர்.
அட்டைத் துண்டில் கணக்குப் போட்டேன்:
காருக்குப் பதினாறு. சௌனா அடுப்புக்குப் பதின்மூன்று.
அடுப்பங்கரையை இன்னும் எழுதவேயில்லை.
"ஒரே நேரத்தில் இரண்டும் ஆகாது" என்றேன்.
"இருபது வருடமாக அதுதானே நடக்கிறது" என்றாள் கெர்த்து
காலணியைக் கட்டிக்கொண்டே.

அவளுக்குக் குவோபியோ மருத்துவமனையில் இரவு வேலை,
போக எண்பத்தைந்து கிலோமீட்டர், வரவும் அதே.
அவருக்குச் சனி ஐந்து மணிக்கு வெந்நீராவி வேண்டும்,
இல்லையென்றால் ஞாயிறு முழுக்க
முதுகு ஒரு விறகுக்கட்டை.

காரைச் செருகிச் சோதித்துக்கொண்டிருந்தேன்.
பச்சை விளக்கு. நல்ல சத்தம்,
பூனை தூக்கத்தில் உறுமுவதுபோல.
யாரிடமும் சொல்லாமல் அவர்
சௌனாவை ஏற்றிவிட்டிருக்கிறார். அடுப்பில் பன்றி இறைச்சி வேறு.
கொஞ்ச நேரம் தாங்கியது பீங்கான்.
பிறகு, டப்.

மூன்றில் ஒன்று போனால் வீடு முழுதாக இருட்டாது.
கூடம் இருட்டு, சமையலறை வெளிச்சம்.
இருட்டில் அவர், வெளிச்சத்தில் அவள்,
நடுவில் வாசற்படியில் நான், வாயில் டார்ச்.
யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை.
நான் இல்லை.

புது ஃபியூஸ் திருகி, காவல் ரிலேயை மாட்டினேன்.
பாரம் கூடினால் ஒன்றைத் தணித்து
மற்றதை வாழவிடும் சின்னப் பெட்டி.
ஆனால் முதலில் அது ஒரு கேள்வி கேட்கும்:
எதற்கு முன்னுரிமை?
ஒன்று, சௌனா. இரண்டு, கார்.
திரையை அவர்கள் பக்கம் திருப்பினேன்.
இருவரும் பனியைப் பார்த்தார்கள்.
பனியில் ஒன்றுமில்லை.
கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றி
ஏதோ ஓர் எண்ணை நானே அழுத்தினேன்.
காப்பி கொடுத்தார்கள். குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

திங்கட்கிழமை அவுலிஸ் போன் செய்தார், மெதுவான குரலில்:
"காரை முதலில் வை. அவளுக்குத் தெரிய வேண்டாம்."
புதன், கெர்த்து. பின்னால் மருத்துவமனை மணிச்சத்தம்:
"சௌனாவை முதலில் வை. நான் பகலில் ஏற்றிக்கொள்வேன்.
அவரிடம் சொல்லாதே."

இருவரிடமும் "மாற்றிவிட்டேன்" என்றேன்.
எதையும் தொடவில்லை.
அன்று எந்த எண்ணை அழுத்தினேன் என்பதே
இப்போது நினைவில் இல்லை.

என் வீட்டிலும் அதே மூன்று ஃபியூஸ்.
சௌனா, அடுப்பு, கார், துணி உலர்த்தி
எல்லாவற்றையும் ஒன்றாக ஓட விடுவேன்,
ரிலேகூடக் கிடையாது.
ஒன்று போனால்
நான் இருக்கும் பக்கம் இருட்டு.
அடுத்த அறையில் விளக்கு
சும்மா எரிந்துகொண்டிருக்கும்.